ஓடையைத் தாண்டாதவன்

பிரேம்நாத்தைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன அன்றே, பர்மாவில் தமிழர்கள் நிறைந்த பசுந்தாங்கில் ஆளுக்கு ஆள் நீதிபதியாகிவிட்டார்கள். டீக்கடையில் ஒரு கோர்ட்டு, மீன் மார்க்கெட்டில் ஒரு கோர்ட்டு, எல்லாவற்றுக்கும் மேலே ஃபேஸ்புக்கில் ஒரு பெரிய கோர்ட்டு. காணாமல் போனது தமிழ்மணி, பதினாறு வயதுப் பெண். ஷ்வேப்யிதாவில் இருக்கும் தையல் ஃபேக்டரிக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். வேலைக்குப் போகும் பெண்களைத் தினமும் ஏற்றிப் போய் ஏற்றி வரும் ஃபெர்ரி வண்டிக்கு பிரேம்நாத்தான் டிரைவர். மற்றவர்களெல்லாம் இறங்கிப் போனபிறகு தமிழ்மணி மட்டும் அவன் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்ததை மார்க்கெட் வாசல் வெற்றிலைக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். அவ்வளவு போதாதா? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

பிரேம்நாத்தின் மனைவி வேலம்மாவுக்கு அப்போது ஐந்து மாதம். இதற்கு முன்னால் இரண்டு தங்காமல் போயிருந்தன. படுத்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் ஃபோனை எடுப்பாள். அவளுக்குப் பர்மீஸ் வேகமாகப் படிக்க வரும். வராமல் இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பாள். 'முழியைப் பார்த்தாலே தெரியவில்லையா' என்று மண்டலேயில் இருக்கும் எவனோ எழுதியிருந்தான். அதற்கு நானூறு பேர் ஆமாம் போட்டிருந்தார்கள். அவர்கள் போட்டிருந்த படம் அவளுடைய கல்யாணப் படம். அவளை வெட்டி எடுத்துவிட்டு அவனை மட்டும் வைத்திருந்தார்கள். ஓரத்தில் அவள் போட்ட மாலையும் அவள் தோளில் பாதியும் மிச்சமிருந்தன.

பிரேம்நாத் பக்கம் பேசவும் ஆள் இல்லாமலில்லை. அம்மன் கோயில் கமிட்டித் தலைவர் விநாயகமூர்த்தி இருந்தாரே! ஆடித் தீமிதிக்குக் காப்புக் கட்டியிருந்தவர்களில் பிரேம்நாத்தும் ஒருவன். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் தீமிதி முடியும்வரை கறி மீன் கிடையாது, பெண்டாட்டி பக்கத்தில் படுக்கை கிடையாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை எது என்பதில்தான் கமிட்டியின் கெட்டிக்காரத்தனம். ஃபெர்ரி டிரைவர்கள் வேலைக்குப் போகாவிட்டால் கோயிலுக்கு நன்கொடை எங்கிருந்து வரும்? ஆகவே ஷ்வேப்யிதா எத்தனை தூரமானாலும் தரையோடு தரை, அது எல்லைக்குள்தான் என்று எப்போதோ தீர்ப்பாகியிருந்தது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற பசுந்தாங் ஓடை தண்ணீர். தண்ணீரைத் தாண்டினால் விரதம் போச்சு. வடக்கே மணிக்கணக்கில் நீண்ட எல்லை, கிழக்கே ஒரு முழம்கூட நீளவில்லை.

அதனால் காப்பு நாட்களில் ஓடைக்கு அக்கரையில் தாகேதாவில் இருக்கும் பெண்களை பிரேம்நாத் இக்கரையிலேயே சுந்தரின் வண்டிக்கு மாற்றி அனுப்பிவிடுவான். சுந்தர் அவனுடைய கூட்டாளி, அவனும் ஃபெர்ரி ஓட்டுகிறவன். அன்றும் அப்படித்தான் மாற்றினான். பிறகு தமிழ்மணியை மார்க்கெட் வாசலில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்ததாகப் போலீஸில் சொன்னான். அவன் வண்டி தாகேதா பாலத்தில் போனதைக் கண்டதாக ஒருவர் ஃபேஸ்புக்கில் எழுதப்போக, விநாயகமூர்த்தி நெற்றி நிறையத் திருநீறோடு கோயில் வாசலில் நின்று லைவ் போட்டார். காப்புக் கட்டியவன் ஓடையைத் தாண்ட மாட்டான், காப்புக் கட்டியவன் வாயில் பொய் வராது, எங்கள் பையன் மேல் கைவைத்தால் அம்மன் மேல் கைவைத்த மாதிரி என்று தமிழில் ஒரு தடவையும் பர்மீஸில் ஒரு தடவையும் முழங்கினார். தமிழர்கள் எல்லோரும் அதைப் பகிர்ந்தார்கள். எழுதின ஆளும் பயந்துபோய் எழுதினதை எடுத்துவிட்டார்.

பாலத்தில் போகவில்லையென்று ஆனபிறகு மிச்சமிருந்தது ஓடைதான். மார்க்கெட்டின் பின்பக்கம் ஓடையில் போய் முடிகிறது. படகுகளைக் கொண்டுவந்து கொக்கி போட்டுத் தேட ஆரம்பித்தார்கள். தமிழ்மணியின் அம்மா விஜயகுமாரி காய்கறிக் கடையை மூடிவிட்டுப் படித்துறையிலேயே உட்கார்ந்துகொண்டாள். புருஷன் இல்லாதவள், இருந்தது இந்த ஒரு மகள். கொக்கி ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் அவள் எழுந்து நிற்பாள், சேறுதான் என்று தெரிந்ததும் உட்காருவாள். நாள் முழுக்க இதே வேலை.

நேற்றுக் காலையில் வேலம்மா ஸ்டேஷனுக்குச் சோறு கொண்டுபோனாள். காவல்காரர் டிஃபன் கேரியரைத் திறந்து கிளறிப் பார்த்துவிட்டு, பேசிக்கொள்ளட்டும் என்று கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். பிரேம்நாத் சோற்றைத் தொடவில்லை. மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"நான் தாண்டிட்டேன் வேலு" என்றான்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் தமிழில், மெதுவாக, எல்லாவற்றையும் சொன்னான். மார்க்கெட் வாசலில் இறங்கின தமிழ்மணி திரும்ப வந்து கண்ணாடியைத் தட்டியிருக்கிறாள். தாகேதாவில் கூட்டாளி ஒருத்தி காய்ச்சலாய்க் கிடக்கிறாள், மருந்து கொடுக்கணும், லைன்கார் பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிகிறது என்று மருந்துப் பையைக் காட்டியிருக்கிறாள். மழை கொட்டுகிறது, இருட்டப் போகிறது. காலம் கெட்டுக் கிடக்கும்போது பச்சைப் புள்ளையைத் தனியாகப் பாலத்தில் நடக்க விடுவதா என்று ஏற்றிக்கொண்டான். பாலம் தாண்டி, ரவுண்டானாவுக்கு அப்பால் ரெண்டாவது தெருவில், பச்சை கேட் போட்ட வீட்டு வாசலில் இறக்கிவிட்டான். அவள் உள்ளே போனதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினான்.

அப்படியானால் அதைச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே என்று வேலம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"புள்ளைக்காகக் கட்டுன காப்பு. தாண்டிட்டேன்னு எந்த வாயால சொல்றது? காலையில அவ வீட்டுக்கு வந்துடுவான்னுதான் நெனச்சேன். இப்பச் சொன்னா, அதுல பொய் சொன்னவன் எல்லாத்துலயும் பொய்தான் சொல்லியிருப்பான்னு சொல்லுவாங்க. நீயும் சொல்லாத."

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது. இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்றுதான் அவன் காப்புக் கட்டினான். அது உடைந்துவிட்டது. உடைந்ததை அம்மன் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். வேலம்மாவுக்கு முதலில் வந்தது பயம், அதற்கடுத்து வந்தது கோபம், தமிழ்மணியின் நினைப்பு மூன்றாவதாகத்தான் வந்தது. பெற்றவளாக இருந்தால் வரிசை வேறாக இருந்திருக்கும்.

ஸ்டேஷனிலிருந்து நேரே விநாயகமூர்த்தி வீட்டுக்குப் போனாள். பெரிய மனுஷன், வழி சொல்வார் என்று நம்பித்தான் போனாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கறுத்துவிட்டது. பெண் என்ன ஆனாள் என்று அவர் கேட்கவில்லை. வேறு யாரிடம் சொன்னாய் என்றுதான் கேட்டார். தான் இரண்டு தடவை லைவ் போட்டிருப்பதையும், ஊரெல்லாம் தமிழனைத் திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் கோயில் மானம் கப்பலேறிவிடும் என்பதையும் எடுத்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தீமிதி முடியட்டும், வக்கீலை வைத்துப் பக்குவமாகச் சொல்லலாம் என்றார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து கொடுத்து, வாயும் வயிறுமாக இருப்பவள் அலையக் கூடாது என்று அனுசரணையாகச் சொன்னாள்.

வேலம்மா வீட்டுக்கு வந்து படுத்தாள். சொன்னால் புருஷன் போய்விடுவான், சொல்லாவிட்டால் அந்தப் பெண் போய்விடுவாள். பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை. ஒரு கூட்டாளி வீட்டில்தானே இருக்கிறாள், பத்திரமாகத்தான் இருப்பாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பத்திரமாக இருப்பவள் அம்மாவுக்கு ஒரு ஃபோன் போட மாட்டாளா என்று உடனே இன்னொரு மனசு கேட்டது. பெரியவரே பொறு என்று சொல்லிவிட்டாரே, அப்புறம் என்ன என்று மறுபடி முதல் மனசு. விடியும்வரை இந்த இரண்டும் மாற்றி மாற்றிப் பேசின. தைரியமில்லாதவர்களுக்குப் பெரியவர்களின் பேச்சு நல்ல போர்வை. அவள் அதை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தாள்.

இன்று சாயங்காலம் காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனவள் படித்துறையில் சத்தம் கேட்டு ஓடினாள். கொக்கியில், பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் லோஞ்சி ஒன்று மாட்டியிருந்தது. சேற்றைக் கழுவக் கழுவ அதில் ஊதாப் பூ தெரிந்தது. தமிழ்மணி அன்று ஊதாப் பூப் போட்ட லோஞ்சிதான் கட்டியிருந்தாள் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். விஜயகுமாரி தண்ணீரில் இறங்கிவிட்டாள். இரண்டு பேர் இழுத்துப் பிடித்தும் நிற்கவில்லை. சுற்றி நின்றவர்கள் ஃபோனைத் தூக்கிப் பிடித்து அதையும் படம் எடுத்தார்கள். லோஞ்சியை விரித்தபோது அது யாரோ எப்போதோ தூக்கிப் போட்ட, பாதி மக்கிப்போன பழந்துணி என்று தெரிந்தது. அப்போதும் விஜயகுமாரி அதை விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வேலம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் எதிரில் குந்தினாள். கொலைகாரன் பெண்டாட்டி என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள். அது அவள் காதில் விழுந்தது, அவள் திரும்பவில்லை.

"அக்கா, ஓடையில தேடாதீங்க. அவ அக்கரையில இருக்கா. எம் புருசன்தான் கொண்டுபோய் விட்டாரு."

தேடுகிறவர்களோடு சுந்தரும் நின்றிருந்தான். அவன் ஓடிப்போய் வண்டியை எடுத்தான். விஜயகுமாரி சேறு படிந்த துணியோடு ஏறினாள், வேலம்மா பின்னால் ஏறினாள். பாலத்தில் வழக்கம்போல நெரிசல். லைன்காரின் படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் இவர்கள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். சுந்தர் ஹாரனை அழுத்தியபடியே போனான். வேலம்மா ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை.

பச்சை கேட்டைத் திறந்தவள் நடுவயதுப் பர்மாக்காரி. முதலில் எந்தப் பெண்ணையும் தெரியாது என்றாள். விஜயகுமாரி அவள் கையைப் பிடித்த பிடியைப் பார்த்ததும் தெரியும் என்றாள். தாய்லாந்தில் வேலை என்று ஒரு ஏஜெண்டு பெண்களைக் கொண்டுவந்து இங்கே தங்கவைப்பானாம். தான் வீட்டை வாடகைக்கு விட்டதோடு சரியாம். காய்ச்சலும் இல்லை, கூட்டாளியும் இல்லை. தமிழ்மணி தானாகவேதான் வந்தாளாம். வண்டிக்கு ஆள் சேரும்வரை காத்திருந்தார்கள். வந்த அன்றே ஏஜெண்டு எல்லோருடைய ஃபோனையும் வாங்கி வைத்துக்கொண்டான். இன்று காலை வெளிச்சம் வந்ததும் வேன் கிளம்பிவிட்டது.

சுந்தர் மிரட்டி ஏஜெண்டின் நம்பரை வாங்கினான். நாலைந்து தடவை அடித்தபிறகு ஒரு ஆண் எடுத்தான். விஜயகுமாரி அவனிடம் என்ன சொன்னாளோ, கெஞ்சினாளா திட்டினாளா என்று பக்கத்தில் நின்ற வேலம்மாவுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஃபோன் கைமாறியது. ஸ்பீக்கரில் தமிழ்மணியின் குரல் வந்தது. சின்ன வயதிலிருந்தே அம்மாவைப் பர்மாக்காரப் பிள்ளைகள் மாதிரிதான் கூப்பிடுவாள்.

"அமே, நான் வேலைக்குப் போறேன். பெகு எப்பவோ தாண்டியாச்சு. சொன்னா விடமாட்டீங்கன்னுதான் சொல்லல."

"எறங்குடி. எந்த எடமா இருந்தாலும் எறங்கு. அம்மா வந்து கூட்டிக்கிறேன்."

வண்டிச் சத்தத்துக்கு நடுவில் அவள் யாரிடமோ பர்மீஸில் கேட்பதும் ஒரு ஆண் அதட்டுவதும் கேட்டது.

"எறங்க விடமாட்டேங்கறாங்க, அமே."

இணைப்பு அறுந்தது. மறுபடி அடித்தபோது ஃபோன் அணைந்திருந்தது. அடுத்தடுத்து அடித்தபோதும் அப்படியே. சுந்தர் யார் யாருக்கோ ஃபோன் போட்டு, பெகுவுக்கு அப்பால் தெரிந்தவர் எவராவது உண்டா என்று கேட்கத் தொடங்கினான். விஜயகுமாரி வாசற்படியில் நின்றபடி வேலம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் குரலில் சத்தமே இல்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?"

சுந்தர் பேச்சை நிறுத்திவிட்டு வேலம்மாவைப் பார்த்தான். இப்பத்தான் என்று சொல்லிவிடு என்று அவன் கண் சொன்னது. ஒரே ஒரு வார்த்தை, சொன்னால் அது பொய்யென்று யாருக்கும் தெரியப்போவதில்லை. விநாயகமூர்த்தி வாயைத் திறக்க மாட்டார். பிரேம்நாத்தும் அப்படித்தான் ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"நேத்துக் காலையில" என்றாள் வேலம்மா.

விஜயகுமாரிக்குக் கணக்குப் போட நேரமாகவில்லை. நேற்றுக் காலையில் மகள் இந்த வீட்டுக்குள்தான் இருந்தாள். நேற்றுப் பகல் முழுக்க இருந்தாள், ராத்திரி முழுக்க இருந்தாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் அம்மா சேற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை மேலே எழும்பியது. வேலம்மா நகரவில்லை, அடி விழட்டும் என்றுதான் நின்றாள். விஜயகுமாரியின் பார்வை அவள் வயிற்றில் விழுந்தது. கை கீழே இறங்கியது.

"உம் புருசன் எம் மகளைக் கொல்லலைன்னு ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிட்டுத்தான் நான் பெகுவுக்குப் போவேன். அவன் வந்துடுவான். நீ மட்டும் எங் கண்ணு முன்னால வராத."

அவளும் சுந்தரும் வண்டியில் ஏறினார்கள். ஏறு என்று வேலம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. பொய் சொன்னவன் வீட்டுக்கு வரப்போகிறான், உண்மையைச் சொன்னவள் தெருவில் நிற்கிறாள். இருந்தும் அது வேலம்மாவுக்கு நியாயமாகவே பட்டது. வண்டி திரும்பிப் போனபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.