எதிர்வீட்டுக்குக் கட்டிய விளக்கு

லிஃப்ட் மெக்கானிக்கும் எதிர்வீட்டுப் பல்டாக்டரும் பேச்சை முறித்துக்கொண்டு பதினோரு வருடம் ஆகிறது. மெக்கானிக்கின் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டார் அவர். அடுத்த வாரமே பல்டாக்டர் ஏறிய லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோனது. பழுது பார்க்கக் கிளம்பிய இவர், வழியில் டீ குடித்தார், முடி வெட்டிக்கொண்டார், ஒரு கல்யாணத்துக்கும் தலைகாட்டினார். பல்டாக்டர் வெளியே வந்தபோது தாடி நெஞ்சுவரை தொங்கியது என்பார்கள் தெருவில். அது மிகை. கழுத்துவரைதான்.

இந்த டிசம்பரில் மெக்கானிக்கின் மனைவி மாடி அறையில் படுத்த படுக்கை. "கிறிஸ்துமஸ் தாண்டறதே கஷ்டம்" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் சொன்னதை மெக்கானிக் வராந்தாவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். ஜனவரியில் எழுந்து நடப்பாயாம் என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

"இந்த வருஷம் லைட்டு கட்டலையா?" என்றாள் அவள்.

"முகப்பு முழுக்கக் கட்டியாச்சே."

"எனக்கு எங்க தெரியுது? ஜன்னல்ல எதிர்வீடுதான் தெரியுது. அது மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்குது."

அவளைத் தூக்கி வெளியே கொண்டுபோக முடியாது, தொட்டாலே வலி. மறுநாள் சாயங்காலம், முகப்பில் கட்டியிருந்த சீரியல் பல்புகளையெல்லாம் அவிழ்த்துத் தோளில் சுற்றிக்கொண்டு, எதிர்வீட்டு மணியை அடித்தார்.

"உங்க வீட்டுக்கு லைட்டு கட்டணும்."

பல்டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு தெருவுக்கு அந்தப்பக்கம், மாடி ஜன்னலைப் பார்த்தார்.

"உங்க ஏணி எட்டாது. என்னோடதை எடுத்துட்டு வரேன்."

பகையாளி கையில் ஏணியின் காலைக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு படி ஏறுவது லேசான காரியமில்லை.

"ஆட்டாதீங்கய்யா!"

"நான் எங்க ஆட்டறேன்? உங்க முழங்கால்தான் ஆடுது. பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறுங்க."

"கடிக்கிற பல்லைத்தான் புடுங்கிட்டீங்களே."

"லிஃப்ட்டுக்குள்ள நாலு மணிநேரம்! ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம!"

பதினோரு வருடத்துப் பாக்கியை இருவரும் ஆணிக்கு ஆணி பேசித் தீர்த்தார்கள். இருட்டுகிற நேரத்தில் விளக்கு எரிந்தது. பல்டாக்டர் ஏணியை விடாமல், "அவங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். இவர் உதட்டில் மிஞ்சியிருந்த ஆணியை எடுத்து, தேவையில்லாத இடத்தில் அடித்தார்.

மாடிக்கு வந்தபோது அவள் முகத்தில் சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தன.

"ரெண்டாவது வரிசை கோணல்" என்றாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இப்ப நம்ம வீடு இருட்டா கெடக்குமில்ல? அவருக்குப் பாக்க ஒண்ணுமில்ல, பாவம். அடுத்த வருஷம் ரெண்டு வீட்டுக்கும் கட்டிடுங்க."

"சரி" என்றார்.

காபிக்குச் சர்க்கரை போதும் என்றால்கூட அரைமணி நேரம் வாதாடுகிற மனுஷன். அவள் ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்து அவரை மெதுவாகப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில டாக்டர் எப்ப சொன்னாரு?" என்று கேட்டாள்.