நுண்கணிதம் எழுதியவள்

பள்ளிப் பிள்ளைகள் எந்த வகுப்பில் எந்தக் கணக்குப் பாடம் எடுத்தார்கள், எங்கே விட்டுவிட்டு ஓடினார்கள் என்று ஆராய வேண்டுமாம். அதற்காக லட்சக்கணக்கான பதிவுகளைச் சீர்செய்வதுதான் அவளுடைய வேலை. பெயர்களை நீக்கித்தான் கொடுத்திருந்தார்கள். பிறந்த தேதி, பள்ளி, பாடம், மதிப்பெண், அவ்வளவே. ஒரே பிள்ளை இரண்டு பள்ளிகளில் படித்திருந்தால் கணினி நிரல் அந்தப் பதிவுகளை ஒரே வரியாகச் சேர்க்கும். சரியாகச் சேர்த்திருக்கிறதா என்று அவள் பார்க்க வேண்டும்.

அன்று மதியம் சாப்பிட்ட கையோடு தூக்கம் கண்ணைச் சுழற்றியது. விளையாட்டாகத் தன் பள்ளியையும் பிறந்த தேதியையும் போட்டுத் தேடினாள். இரண்டு வரிகள் வந்தன. ஒன்று அவள். மற்றது அக்கா. சற்று முன்னால் பிறந்த இரட்டை, அச்சில் வார்த்தது போல அதே முகம். பதினோராம் வகுப்பின் நடுவில் ஆற்றோடு போனவள்.

அந்த வரி அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தொலைநிலைப் பள்ளியில் இயற்கணிதம், தேர்ச்சி. வடிவியல், தேர்ச்சி. நுண்கணிதம், முதல் வகுப்பு. இந்த ஆண்டு புள்ளியியல்; தேர்வு இன்னும் நடக்கவில்லை.

பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டாள்.

"யாரோ ரெண்டு பேரை ஒண்ணா ஒட்டியிருக்கும். பிரிச்சு விடு, தீந்துது," என்றார் அவர், தேநீரை ஊதிக்கொண்டே.

பிரித்துவிட்டு நிரலை மறுபடி ஓட்டினாள். வரி பழையபடி ஒட்டிக்கொண்டு வந்து நின்றது.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கை அப்படியே நின்றது.

"நான்தான்டி எழுதினேன். கணக்கு வரலை, கணக்கு வரலைன்னு அழுதுட்டே இருந்தாளே. பாதியில விட்டதை முடிச்சுக் குடுக்கலாம்னு அவ பேர்லயே சேர்ந்தேன். உங்கிட்ட சொன்னா திட்டுவ."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகையும் சிரிப்புமாக அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"அதுக்காக நுண்கணிதம் வரைக்குமாம்மா? முதல் வகுப்பு வேற!"

அம்மா விழித்தாள். "அது என்னது? வடிவியலோட நான் நிறுத்திட்டேனே."

புள்ளியியல் தேர்வன்று இருவரும் தேர்வுக்கூடத்துக்குக் கிளம்பினார்கள். பேருந்து காலை வாரிவிட்டது. போய்ச் சேர்வதற்குள் கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. விடைத்தாள் கட்டோடு வெளியே வந்த கண்காணிப்பாளர் அவளைக் கண்டதும் நின்றார்.

"என்னம்மா, இப்பதானே எழுதிக் குடுத்துட்டுப் போனீங்க? எதையாவது விட்டுட்டீங்களா?"

அம்மா ஓரடி முன்னால் வந்து, மெதுவாகக் கேட்டாள்.

"நல்லா எழுதினாளா?"