அண்ணனை மலையிறக்கிய கதை

பதினாறு வருடமாக ஆட்களை மலையேற்றுகிறேன். என் சட்டம் எளிது: பகலில் உயரம் போய்ப் பார், ராத்திரி இறங்கி வந்து படு, மூவாயிரம் மீட்டரைத் தாண்டினால் அவசரப்படாதே. இதைக் கேட்டு நடந்த யாரையும் நான் ஸ்ட்ரெச்சரில் பார்த்ததில்லை. கேட்காதவர்கள் பெரும்பாலும் ஜிம்முக்குப் போகிற வாலிபர்கள். இந்தத் தடவை கேட்காதவன் என் கூடப்பிறந்த அண்ணன்.

கால்ஜென் அண்ணன் நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டுகிறான். அங்கே தங்குவதற்கான காகிதம் சரியாகாமல் பதினோரு வருடம் ஊர்ப்பக்கம் வராமல் கிடந்தான். நடுவில் அம்மா இறந்தபோதும் வரவில்லை. வந்திருந்தால் திரும்பிப் போயிருக்க முடியாது என்று எத்தனை சொல்லியும் அப்பா காதில் ஏறவில்லை. “வர்றதுன்னா என் வாசலுக்கு நடந்து வரட்டும். அவனுக்காக நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். ஒருவழியாகக் காகிதம் கிடைத்து, பன்னிரண்டு நாள் லீவில் வந்தான். அப்பா இருக்கும் எங்கள் ஊர் பாங்போச்சே, என் குழு மலையேறிப் போகிற வழிதான். அதனால் என் நால்வரோடு ஐந்தாவதாகச் சேர்த்துக்கொண்டேன்.

மூவாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் நாம்சேயில், உடம்பு உயரத்துக்குப் பழக ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும் என்றதும் சிரித்தான்.

“ரெஸ்ட்டெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு. என் ரத்தம் இந்த மலையில ஊறினது, தெரியும்ல?”

“ஊறினதெல்லாம் டாக்ஸி ஹீட்டர்ல காஞ்சு போச்சு. பேசாம இரு.”

இருக்கவில்லை. அன்று மற்றவர்களைக் கொஞ்சம் மேலே ஏற்றி இறக்கினேன். அவன் ஹில்டாவின் பையையும் பிடுங்கிச் சுமந்துகொண்டு, விசிலடித்தபடி முன்னால் ஓடினான். ஹில்டா நார்வேயில் பள்ளிக்கூட ஆசிரியை, அறுபத்திரண்டு வயது, கல்யாண ஊர்வலத்தில் வருகிறவள்போல நடப்பாள். எனக்குப் பிடித்த நடை அது. சாயங்காலம் நால்வரிடமும் தலைவலி உண்டா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டேன். அண்ணனிடம் கேட்கவில்லை. பாங்போச்சேயில் பிறந்தவனிடம் போய் இதைக் கேட்பதா என்று விட்டுவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

மறுநாள் கீழே ஆற்றங்கரையில் இருக்கும் பூங்கிக்கு இறங்கி, ஆற்றைக் கடந்து தெங்போச்சே ஏற்றத்தைத் தொட்டதும் அண்ணன் பின்தங்கினான். ஹில்டாகூட அவனைத் தாண்டிப் போனாள். மேலே தெங்போச்சே புத்த மடத்து வாசலில் நின்றபோது, என் உதவியாளன் ஜங்பு காதோரம் வந்தான்.

“அக்கா, அண்ணன் ராத்திரி ரெண்டு தடவை வாந்தி எடுத்தாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாரு.”

அண்ணனைக் கூப்பிட்டு, குதிகாலோடு விரல் ஒட்ட நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். நான்காவது அடியில் குடிகாரன்போலச் சாய்ந்தான். இந்த உயரத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மூளையில் நீர் கோத்து வீங்குகிறது.

“கீழ போறோம். இப்பவே.”

அவன் பள்ளத்தாக்கின் மேல்கோடியைக் காட்டினான். பாங்போச்சே வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

“ரெண்டு மணி நேரம் யாங்ஜி. போய் அப்பா கால்ல விழுந்துட்டு வந்துடறேன். அதுக்கப்புறம் நீ எங்க வேணா இறக்கு.”

பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிஷம் எனக்கும் சபலம் தட்டியது. பதினோரு வருடமாக இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அல்லாடியவள் நான். ஆனால் அங்கிருந்து உயிரோடு திரும்புவானா என்று யாரால் சொல்ல முடியும்?

“முடியாது.”

“உன்னை முதுகுல தூக்கி வளர்த்தவன்டி நான். எனக்கே உத்தரவு போடறியா?”

“இந்தப் பாதையில நான் உனக்குத் தங்கச்சி இல்ல. இப்ப நட. விழுந்தா உன்னைத் தூக்க என்னால ஆகாது, பீட்சா தின்னு தின்னு எருமையாட்டம் ஆயிட்ட.”

குழுவை ஜங்புவிடம் ஒப்படைத்துவிட்டு, அண்ணனின் இடுப்புப் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பூங்கிக்கு இறக்கினேன். வழியெல்லாம் அழுதான். “அம்மா போனப்பவும் வரல, இப்பவும் பாதி வழியிலயே நின்னுட்டேன்” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். நானும் அழுதேன், பிடியை மட்டும் விடவில்லை.

ஆற்றங்கரை டீக்கடையில் படுக்க வைத்தேன். மருந்து கொடுத்தேன். பொழுது சாய்வதற்குள் முகம் தெளிந்தது, உருளைக்கிழங்கு ரொட்டி இரண்டு தின்றான். பிழைத்துவிட்டான். ஆனால் மறுபடி அவனை மேலே ஏற்ற லீவில் நாளில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“அண்ணனுக்கு மலை நோய்ப்பா. பூங்கிக்கு இறக்கிட்டேன். இனி மேல வர முடியாது.”

“ம்” என்றார். வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் கடை வாசலில் நிற்கிறேன், இறக்கத்தில் ஒரு கிழவர் முதுகில் காலிக் கூடையோடு விறுவிறுவென்று வருகிறார். அப்பா. கீழே வர எந்த மலைக்காரனுக்கும் ஓய்வு நாள் கணக்குத் தேவையில்லை. வந்தவர் அண்ணனைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துப் பேசினார்.

“நாம்சே சந்தைக்குப் போறேன். இது வழிதான.”

நாம்சே சந்தை சனிக்கிழமை மட்டும்தான். அன்று செவ்வாய். அண்ணன் வாசல் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டான். அப்பா கூடையை இறக்கிவைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தலைவலி எப்படிடா இருக்கு?”

“பரவால்லப்பா.”

“அப்ப ஒரு டீ சொல்லு. சந்தை எங்கயும் ஓடிடாது.”