ரோஸ் நிறம் ஏறிய குழாய்

என் கை பட்ட கண்ணாடியில் ஒரு விரல்தடம் இருக்காது. மைசூரில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் புட்டி கழுவியவள் நான், பஞ்சவர்ணம். என் வேலையில் யாராவது குறை சொன்னால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். அந்தத் திமிர்தான் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டது.

தாரணி குண்டலுபேட்டைக்காரி. கிருஷ்ணராஜ் சாரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ கிருமியை வளர்ப்பாள். எனக்கு ஒரு எழவும் புரியாது. ஆனாலும் உட்கார வைத்துச் சொல்லுவாள்.

“அதுக்குள்ள ஒரு என்சைம் இருக்கு, பஞ்சக்கா. அது வேலை செய்யணும்னா மாலிப்டினம்ங்கிற உலோகம் போய் அதுல உக்காரணும். டங்ஸ்டனும் அதே மாதிரி இருக்கும், ரெண்டும் புட்டில வெள்ளைத் தூளாத்தான் வரும். கிருமி ஏமாந்து அதையும் உள்ள விட்டுடும். ஆனா அது உக்காந்தா வேலை நடக்காது.”

“நடக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும் கண்ணு?”

“கடைசில ஒரு மருந்து ஊத்துவேன். நடந்திருந்தா குழாய் ரோஸ் கலராகும்.”

1994 ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அலமாரிப் புட்டிகளை எல்லாம் இறக்கி ஈரத்துணியால் துடைத்தேன். பூஜையன்று எல்லாவற்றுக்கும் குங்குமம் வைக்க வேண்டுமே. இரண்டு புட்டிகளின் லேபிள் ஊறிப்போய்க் கையோடு வந்துவிட்டது. இரண்டிலும் அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. யாரையாவது கேட்கவும் மானம் இடம் கொடுக்கவில்லை. குத்துமதிப்பாகப் பசை தடவி ஒட்டிவிட்டேன்.

நவம்பரில் தாரணி துள்ளிக் குதித்தாள். டங்ஸ்டன் போட்ட குழாய் ரோஸ் ஆகிறதாம், மாலிப்டினம் போட்டது அப்படியே நிற்கிறதாம்.

“இந்தக் கிருமிக்கு டங்ஸ்டன்தான் புடிக்குது அக்கா! இது புதுசு!”

மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் அதேதான். சார் டெல்லி மாநாட்டில் போய்ப் பெருமையாகப் பேசிவிட்டு வந்தார்.

பிறகு வேறு ஊர்க்காரர்கள் அதையே செய்து பார்த்து, வரவில்லை என்று எழுதினார்கள். சார் புதுப் புட்டிகள் வாங்கித் தன் கையாலேயே செய்தார். மாலிப்டினக் குழாய்தான் ரோஸ் ஆனது.

“பொய் எழுதினியா?” என்று கத்தினார்.

தாரணி தன் நோட்டைப் பிரித்துக் காட்டினாள். “சார், பழைய புட்டி மாறியிருக்கலாம்.”

பழைய புட்டிகள் எங்கே? தூள் தீர்ந்த அன்றே பளபளவென்று கழுவிக் கவிழ்த்துவிட்டேனே!

“பஞ்சவர்ணம், அந்தப் புட்டிகள்ல நீ எதையாச்சும் மாத்தினியா?”

எனக்கு அந்த ஈர லேபிள்கள் ஞாபகம் வந்தன. சத்தியமாக வந்தன.

“ஏனுங்க சார், பன்னெண்டு வருஷத்துல என் கையால ஒரு தப்பு நடந்திருக்குதுங்களா? பாத்துப் பேசுங்க!”

தாரணி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. நான் சொன்னதை நம்பிவிட்டாள். அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனாள். வேலை போய்விடும், பேர் கெட்டுவிடும் என்று நான் வாயே திறக்கவில்லை. பாவி!

அடுத்த ஆயுத பூஜைக்குப் புட்டிகளுக்குக் குங்குமம் வைக்கக் கை வரவில்லை. சாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் குண்டலுபேட்டைக்குப் பஸ் ஏறினேன்.

தாரணி வீட்டு வாசலில் அவள் அப்பாவின் செண்டுமல்லி மூட்டைகளுக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே லேபிள் கதையைச் சொல்லி முடித்தேன். அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்போ நான் பாத்தது நெசம்தானா?” என்றாள் மெதுவாக.

“எது கண்ணு?”

“அந்த ரோஸ் கலர். பாத்தேன் பாத்தேன்னு சொல்லி, யாருமே நம்பாம, கடைசில எனக்கே சந்தேகம் வந்துடுச்சு பஞ்சக்கா. ஆசைப்பட்டு நானேதான் பொய்யா எழுதிட்டேனோன்னு... எடுத்துட்டு வந்த நோட்டையெல்லாம் போன மாசம்தான் வெந்நீர் அடுப்புல போட்டேன்.”