வசனம்: போக்னா லிப்ஸ்கா

என் புருஷன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது சினிமாவில் மட்டும்தான். நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே வார்சாவில் டிவியில் வெளிநாட்டுப் படம் ஓடினால், திரையில் யார் வாய் திறந்தாலும், அசல் சத்தத்தின் மேல் ஒரே ஆண்குரல் போலிஷில் வாசித்துக்கொண்டு போகும். கதாநாயகி காதலைச் சொன்னாலும் அதே குரல்தான், பொடிப்பயல் மிட்டாய் கேட்டு அடம்பிடித்தாலும் அதே குரல்தான். சிரிப்பும் கிடையாது, அழுகையும் கிடையாது, வானிலை அறிக்கை மாதிரி இருக்கும். செனோன் அப்படி வாசித்தவர். வசனத்தைப் போலிஷில் எழுதிக் கொடுத்தது நான். பெரிய படம் எதுவும் எங்களைத் தேடி வரவில்லை. பத்திரிகையோடு இலவசமாக ஒட்டிக் கொடுக்கிற டிவிடிகள்தான் எங்கள் பிழைப்பு.

படம் முடிந்து எழுத்து ஓடும்போது அந்தக் குரல் இரண்டு பெயரைச் சொல்லும். "வசனம், போக்னா லிப்ஸ்கா. வாசித்தவர், செனோன் லிப்ஸ்கி." ஒரே குடும்பப் பெயர்தான், இங்கே பெண்ணுக்கு லிப்ஸ்கா, ஆணுக்கு லிப்ஸ்கி. கடைக்குப் போகிற டிவிடித் தகடுகளில் கம்பெனிக்காரர்கள் அந்தக் கடைசி வரியையும் வெட்டிவிடுவார்கள். சரிபார்க்க என்று எங்கள் வீட்டுக்கு வருகிற பிரதியில் மட்டும் இருக்கும்.

வீட்டில் அவர் தொண்டையைப் பூட்டி வைத்த மனிதர். ஜூலை மாதத்திலும் கழுத்தில் மப்ளர். என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் டீ கிளாஸில் கரண்டியால் தட்டுவார். மகள் கல்யாண வீடியோவில் மைக்கை நீட்டியபோதுகூடத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். போன பிப்ரவரியில் ஒரேயடியாகப் போய்விட்டார். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அவர் வாயால் என் பெயரை இன்னொரு தரம் கேட்க வேண்டும். தினமும் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து டிவிடி பிளேயர் மண்டையைப் போட்டது. என் தம்பி லெஷெக் சினிமாப் பைத்தியம், இந்த மாதிரி வேலையென்றால் சோறு தண்ணி வேண்டாம்.

"இனிமே பிளேயரை யாருக்கா ரிப்பேர் பண்றாங்க? எல்லாத்தையும் காப்பி எடுத்து ஒரு பெட்டில போட்டுடறேன். டிவில பாரு, போன்ல பாரு, சமையல்கட்டுல உருளைக்கிழங்கு சீவிக்கிட்டே டேப்லெட்ல பாரு."

"கடைசி வரைக்கும் வருமா?"

"கடைசி எழுத்து வரைக்கும் வரும்."

ஏன் கேட்டேன் என்று அவனிடம் சொல்லவில்லை. இந்த வயதில் தம்பியிடம் சொல்கிற விஷயமா அது? சாவியைக் கொடுத்துவிட்டு, மூட்டுவலிக்கு உப்புநீர்க் குளியல் எடுக்க மூன்று வாரம் வெளியூர் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது டிவி பக்கத்தில் சின்னக் கறுப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது. திரையில் படங்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் போஸ்டர் வேறு தேடி ஒட்டியிருந்தான். தகடுகள் இருந்த அலமாரி காலி. நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு படத்தைத் திறந்து கடைசிக்கு இழுத்தேன். எழுத்து ஓடியது. வெறும் இசை. இன்னொரு படத்தைத் திறந்தேன். அதிலும் இசைதான்.

"லெஷெக், குரல் எங்கடா?"

"எந்தக் குரல்?"

"உங்க அத்தான் குரல்!"

"அசல் ஒலி மட்டுந்தான்கா எடுத்தேன். மெஷின்ல அப்படித்தான் செட் பண்ணினேன். படத்தை அப்படித்தானே பாக்கணும்? கீழ எழுத்து ஓடுது பாரு, உன் வசனந்தான்..." என்று பெருமையாக ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்ததும் குரலை இறக்கிவிட்டான். "அத்தானே சொல்வாரேக்கா. என் சத்தத்தை அமுக்கிட்டுப் பாருடா, படம் நல்லாருக்கும்னு."

சொல்வார்தான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

"அவரு ஆயிரம் சொல்வாரு. நான் சொன்னேனா? போ, தகடை எல்லாம் எடுத்துட்டு வா, மறுபடி காப்பி எடு."

அவன் தன் ஷூவைப் பார்த்தான். "தோட்டத்துல இருக்குக்கா."

"தோட்டத்துல எங்க?"

"மெலானியாவோட செர்ரி மரத்துல."

ஊர் ஓரத்தில் எங்களுக்கு ஒரு துண்டுத் தோட்டம் உண்டு. அடுத்த துண்டு மெலானியாவுடையது. ஜூனில் செர்ரி பழுத்தால் மைனாக்கூட்டம் கொட்டையை மட்டும் மிச்சம் வைக்கும். அதை விரட்ட, பழைய தகடுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது எல்லோரும் செய்வதுதான். காப்பி எடுத்தாகிவிட்டதே, நல்ல காரியத்துக்குப் போகட்டும் என்று தம்பி தாராளமாகத் தூக்கிக் கொடுத்திருக்கிறான்.

அவனையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் மரம் முழுக்க வெயிலில் பளபளவென்று செனோன் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு மைனா அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பழம் தின்றுகொண்டிருந்தது.

"வாங்க போக்னாம்மா!" என்றாள் மெலானியா. "கிறிஸ்துமஸ் மரம் கெட்டுது போங்க. உங்க தம்பி தங்கமான பிள்ளை."

"மைனா பயப்படுதா?"

"மொத ரெண்டு நாள் பயந்துச்சு. இப்ப அதுல மூஞ்சி பாத்துச் சிங்காரிச்சுக்குது."

"எல்லாத்தையும் கழட்டணும் மெலானியா. என் வீட்டுக்காரர் குரல் இதுலதான் இருக்கு."

அவள் உள்ளே போய் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்ப என் பழம்?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"பழத்துக்குத் தங்கமான பிள்ளை காவல் நிப்பான்."

லெஷெக் ஏறினான். நான் கீழே நின்று ஒவ்வொன்றாக வாங்கிப் பாவாடையில் துடைத்தேன். படத்தின் பெயரை நான் மையில் எழுதி வைத்ததெல்லாம் மழையில் கரைந்திருந்தது. தொட்டபோது தகடுகள் சுடச்சுட இருந்தன.

வீட்டில் கம்ப்யூட்டரில் முதல் தகட்டைப் போட்டதும் அவர் குரல் வந்துவிட்டது. "நீயில்லாமல் நான் என்ன செய்வேன்," என்று ஒரு கதாநாயகிக்காக வாசித்தார். நான் எழுதிக் கொடுத்த வரிதான். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் அது அந்தப் பெண்ணின் காதலனுக்குச் சொன்னது, எனக்கில்லை. கடைசி நெருங்கியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. அடுத்த தகடும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஊருக்கெல்லாம் பேசிவிட்டு என் முறை வரும்போது வாயை மூடிக்கொள்கிறார். உயிரோடு இருந்தபோதும் இதே வழக்கம்தான்.

"உள்ளேருந்து வெளியே எழுதியிருக்கும்க்கா," என்றான் லெஷெக். "நடுவுல ஆரம்பம், ஓரத்துல முடிவு. காத்துல ஒண்ணோட ஒண்ணு மோதினது பூரா ஓரந்தான்." அவன் கண் சிவந்திருந்தது. நான் சமாதானம் சொல்லவில்லை. எனக்கு யார் சொன்னார்கள்?

ஒரு தகட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தபடி கேட்டேன். "அப்ப சின்னப் படமா இருந்தா?"

அவன் நிமிர்ந்தான். "ஓரம் வரைக்கும் போகாது. நடுவுலயே முடிஞ்சிடும்."

"முள்ளெலி!" என்றேன்.

குழந்தைகளுக்கான ஒரு படம் வந்தது. முழுசாக ஒரு மணி நேரம்கூட இல்லை. முள்ளெலி, முள்ளெலியின் அம்மா, ஒரு பேசும் காளான், எல்லாம் செனோனின் அடித்தொண்டைதான். வெட்கப்பட்டு அலமாரியில் மற்ற தகடுகளுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். எழுத்து அழிந்த தகடுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தோம். மேலே மைனா எச்சம் வேறு. பாத்திரம் கழுவுகிற சோப்பால் கழுவித் துடைத்தேன்.

"நேரா கடைசிக்குப் போயிடவா?" என்றான்.

"வேண்டாம். தாவினா நின்னுடும். அதுபாட்டுக்கு வரட்டும்."

முழுப் படத்தையும் பார்த்தோம். காட்டில் வழி தெரியாமல் முள்ளெலி அம்மாவைத் தேடி அலைந்தது. "அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது," என்று வானிலை அறிக்கை வாசித்தார் செனோன். லெஷெக் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, அவர் போன பிறகு முதல் தடவையாக. அம்மா கிடைத்தாள். எழுத்து ஓடத் தொடங்கியது. தகடு கரகரவென்று இழுத்தது, ஆனால் நிற்கவில்லை.

"வசனம், போக்னா லிப்ஸ்கா."

"இதோ வரேன்," என்றேன்.

சொன்னது மட்டுமில்லை, எழுந்தும்விட்டேன். மூட்டு சுருக்கென்றது.

"வாசித்தவர், செனோன் லிப்ஸ்கி," என்று அவர் தன்பாட்டுக்கு முடித்துக்கொண்டார்.

லெஷெக் என் பக்கம் திரும்பாமல் வேலையைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் முள்ளெலிப் படம் முழுசாகக் கறுப்புப் பெட்டிக்குள் ஏறிவிட்டது. "காப்பி ஆயிடுச்சுக்கா," என்றான். "இனிமே போகாது. எந்த ரூம்ல இருந்தாலும் கேக்கலாம். உக்காருக்கா."

நான் நின்றுகொண்டே இருந்தேன். கூப்பிட்ட குரலுக்கு எந்த அறைக்குப் போவது என்று தெரியவில்லை.