கொத்தமல்லி வாங்கப் போன தவசிமுத்து

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சாப்பிட்டாச்சா? சாப்பிடாதவர்கள் சாப்பிட்டுவிட்டே வாருங்கள், கதை காத்திருக்கும். தவசிமுத்துவின் கதையைப் பட்டினியோடு கேட்கக் கூடாது.

தூத்துக்குடியில் ஒரு மத்தியானம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தவசிமுத்து கொத்தமல்லி வாங்கக் கிளம்பினார்.

"வெரசா வாங்க. பசிக்கு," என்றாள் மனைவி பொன்னுக்கிளி. கல்யாணமான நாள் முதல் அவர் சாப்பிட்ட பிறகுதான் அவள் சாப்பிடுவாள்.

கொத்தமல்லி வாங்கித் திரும்பினார். வழியில் இத்தாலியின் பலேர்மோ துறைமுகம் இருந்தது. வழக்கமாக அங்கே பால் பூத் இருக்கும்.

சிவப்புக் குடையோடு ஒருத்தி நின்றாள். பெயர் கொன்சேத்தா. பழைய ஊரைச் சுற்றிக்காட்டி, கடை கடையாகச் சாப்பிட வைப்பது அவள் வேலை.

"வாங்கண்ணே, உங்களுக்காகத்தான் நிக்கேன்."

"வீட்டுல காத்துக்கிட்டு இருப்பா."

"ஒரு வாய்தானண்ணே. உங்க வீடுதான் கடைசிக் கடை."

அது நியாயமாகப் பட்டது.

முதல் கடையில் கடலைமாவு வடையை ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். தின்றார். சந்து கொஞ்சம் நீண்டது. அடுத்த கடையில் எட்டுக் கையோடு அவித்த பேய்க்கணவாய், எலுமிச்சை பிழிந்தது. மீசை நரைத்தது. கடல் செருப்பில்லாமல் பின்னாலேயே நடந்து வந்தது.

"இந்நேரம் அவ சாப்பிட்டிருப்பா," என்றார் தவசிமுத்து.

கடைக்காரர்கள் சிரித்தார்கள். கடலும் சிரித்தது.

பொரித்த சோற்றுருண்டையைக் கடித்தபோது பல் போனது. ருசியாகத்தான் இருந்தது. இன்னொன்று கேட்டார்.

கடைசிக் கடை அவர் வீட்டு அடுக்களை. பொன்னுக்கிளி இரண்டு இலை போட்டு உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெள்ளை. குழம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. கொத்தமல்லியை வாங்கிக் கிள்ளிப் போட்டாள்.

"உக்காருங்க."

வயிற்றில் பலேர்மோ முழுக்க இருந்தது. நீ சாப்பிடு பொன்னு, எனக்காகக் காத்திருக்காதே என்று சொல்ல வாயைத் திறந்தார். ஒருநாளும் சொல்லிப் பழகாத பேச்சு. வேறு வந்தது, கொன்சேத்தா சொல்வதுபோல.

"இந்தக் கணவாயைப் பெரிய சட்டியிலதான் அவிப்பாங்க. உப்பு போடுறதில்ல. கடலே உப்பு பாருங்க..."

நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு கடையின் கதையும் வரிசையாக வந்தது. பொன்னுக்கிளி முடியும்வரை கேட்டாள்.

"நல்லா இருந்துச்சா?"

அவர் தலையாட்டினார். கண்ணீர் வந்தது. அதிலும் எலுமிச்சை வாசனை.

"அப்ப சரி. எனக்கும் பசியில்ல," என்று இரண்டு இலைகளையும் மடித்தாள்.

வாசலில் சிவப்புக் குடை உயர்ந்தது. "அண்ணே, முதல் கடை தொறந்தாச்சு."

அவர் படியிறங்கும்போது உள்ளே இலை விரிக்கிற சத்தம் கேட்டது.

"கொத்தமல்லி மறந்துராதீங்க," என்றாள் பொன்னுக்கிளி.

இவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு என்றும் எரியட்டும். எல்லார் இலையிலும் ஒரே நேரத்தில் சோறு விழட்டும். உங்கள் அடுக்களையில் யாரும், யாருக்காகவும், பசியோடு உட்கார்ந்திருக்க வேண்டாம்.