டோம்பிவிலி லோக்கலில் ரிச்சர்ட்ஸும் டெண்டுல்கரும்

டோம்பிவிலியிலிருந்து காலை எட்டு பன்னிரண்டுக்குக் கிளம்பும் ஃபாஸ்ட் லோக்கலில் முன்னாலிருந்து நான்காவது பெட்டி எங்களுடையது. ஜன்னலோரம் சப்னிஸ், அவருக்கு எதிரில் குப்தே, இடுக்கில் நான். சப்னிஸுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. எங்கள் இரண்டு பேரையும்விடப் பத்து வயது மூத்தவர். குப்தே விற்பனை வரி அலுவலகத்தில் எழுத்தர். கடைசி நிலையமான வி.டி. போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் பேச்சு ஒன்றுதான்: ஒருநாள் கிரிக்கெட்டில் யார் பெரியவன்?

சப்னிஸ் ரிச்சர்ட்ஸ் கட்சி. எழுபத்தைந்தில் வான்கடே மைதானத்தில், ஹெல்மெட் இல்லாமல், சூயிங்கம் மென்றபடி அவர் நடந்து வந்ததைக் கண்ணால் பார்த்தவர். மற்றவர்கள் நூறு பந்துக்கு அறுபது ரன் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் தொண்ணூறு எடுத்த மனுஷன் என்பார். குப்தேக்கு டெண்டுல்கரை விட்டால் வேறு ஆள் கிடையாது. எண்பத்தொன்பதில் டெண்டுல்கர் இந்தியாவுக்காக ஆட வந்தபோதுதான் குப்தேயும் எங்கள் பெட்டிக்கு வந்து சேர்ந்தார். நான் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் பெவனைச் சொல்வேன். என்னை இருவரும் மதித்ததில்லை.

தாணேயில் கூட்டம் ஏறி நசுக்கும்போதும் வாதம் நிற்காது. ஒரு மழைக்காலத்தில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி வண்டி குர்லாவுக்கு முன்னால் மூன்று மணி நேரம் நின்றது. சப்னிஸ் பழைய ஸ்கோர்களை மனப்பாடமாகச் சொல்ல, குப்தே ஒவ்வொன்றுக்கும் பதில் ஸ்கோர் சொல்ல, பெட்டியிலிருந்த முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். கடைசியில் வண்டி நகர்ந்தபோது சிலருக்கு வருத்தம்கூட இருந்தது. என் வாழ்க்கையின் நல்ல பொழுதுகளில் பாதி அந்தப் பெட்டியில் கழிந்தவை.

இரண்டாயிரத்து மூன்று உலகக் கோப்பை இறுதியாட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டெண்டுல்கர் முதல் ஓவரிலேயே நாலு ரன்னுக்கு அவுட். ஆஸ்திரேலியா ஜெயித்தது. திங்கட்கிழமை காலை குப்தே வந்து உட்கார்ந்தார். ராத்திரி தூங்கவில்லை என்று முகம் சொன்னது.

சப்னிஸால் சும்மா இருக்க முடியவில்லை. "எழுபத்தொம்பது ஃபைனல்ல எங்காளு நூத்தி முப்பத்தெட்டு, நாட் அவுட். உங்காளு?" என்றார்.

"எம்பத்திமூணு ஃபைனல்ல உங்காளு முப்பத்திமூணு. கப் நம்ம கையில," என்றார் குப்தே.

பெட்டியில் சிரிப்பு. அது சப்னிஸைச் சுட்டுவிட்டது என்று நினைக்கிறேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "உங்காளும் உன்ன மாதிரிதான் குப்தே. தினமும் நல்லா ஆடுவான். பரீட்சைன்னு வந்துட்டா கை நடுங்கும்."

குப்தே அதிகாரி பதவிக்கான இலாகா தேர்வை மூன்று முறை எழுதித் தோற்றவர். அதை எங்கள் இருவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். இப்போது பெட்டி முழுக்கக் கேட்டது. யாரோ ஒருவர் சிரிக்கவும் செய்தார். குப்தே மேலே வைத்திருந்த பையை எடுத்தார். காட்கோபரில் இறங்கினார். மறுநாள் முதல், போகும்போதும் வரும்போதும், பக்கத்துப் பெட்டியில் ஏறத் தொடங்கினார்.

ஏழு வருடம் அப்படியே போயிற்று. பிளாட்பாரத்தில் குப்தே என்னைப் பார்த்தால் தலையசைப்பார், வீட்டில் சௌக்கியமா என்பார். சப்னிஸ் பக்கம் திரும்ப மாட்டார். மன்னிப்புக் கேட்கச் சொல்லி நான் சப்னிஸிடம் பலமுறை சொன்னேன். கிரிக்கெட் பேச்சுக்கெல்லாம் யாராவது மன்னிப்புக் கேட்பார்களா என்று மழுப்புவார். ஆனால் அதற்குப் பிறகு ரிச்சர்ட்ஸ் பெயரை அவர் அதிகம் எடுக்கவில்லை. மறுக்க எதிரில் ஆள் இல்லாதபோது எதைப் பேசுவது? செய்தித்தாளை விரித்துக்கொண்டு வருவார்.

இரண்டாயிரத்துப் பத்து, பிப்ரவரி. அந்த வார வெள்ளிக்கிழமை சப்னிஸுக்குப் பணி ஓய்வு. புதன்கிழமை சாயங்காலம் வி.டி.யிலிருந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். குவாலியரில் தென்னாப்பிரிக்காவோடு ஆட்டம். வாசலருகே நின்ற ஒருவர் கைபேசி வானொலியைக் காதில் வைத்துக்கொண்டு ஸ்கோர் சொல்லிக்கொண்டே வந்தார். தாதரில் டெண்டுல்கர் நூற்றெண்பதைத் தாண்டிவிட்டார். நூற்றுத்தொண்ணூற்று நாலு என்ற பழைய சாதனையும் போயிற்று. ஆண்கள் ஒருநாள் ஆட்டத்தில் அதுவரை யாரும் தொடாத இருநூறு கைக்கெட்டும் தூரத்தில். நூற்றுத்தொண்ணூற்றொன்பதில் நிற்கும்போது பந்தெல்லாம் தோனிக்கே போய்க்கொண்டிருந்தது. பெட்டியே தோனியைத் திட்டியது.

வண்டி காட்கோபரில் நின்றது. சப்னிஸ் சட்டென்று எழுந்தார். எங்கே என்று கேட்பதற்குள் ஏறுகிற கூட்டத்தை எதிர்த்து முட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். நானும் பின்னால் இறங்கி ஓடினேன். அறுபது வயதில் அவர் அப்படி ஓடிப் பார்த்ததில்லை. வண்டி நகரத் தொடங்கியபோது இருவரும் பக்கத்துப் பெட்டியின் கம்பியைப் பிடித்துவிட்டோம்.

குப்தே உள்ளே நின்றிருந்தார். இரண்டு காதிலும் கைபேசி வானொலியின் ஒயர். சப்னிஸைப் பார்த்ததும் முகம் இறுகியது. சப்னிஸ் மூச்சு வாங்கினார்.

"குப்தே, அன்னிக்கு நான் சொன்னது தப்பு. டெண்டுல்கரச் சொன்னது இல்ல. உன்னச் சொன்னது."

குப்தே அவரையே பார்த்தார். பிறகு ஒரு காதிலிருந்து ஒயரை எடுத்து நீட்டினார். இருவரும் தலையோடு தலை ஒட்டி நின்றார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் முகத்தையும் உதட்டசைவையும் பார்த்துத்தான் ஆட்டம் புரிந்தது. தோனி ஒரு சிக்ஸர். அப்புறம் ஒரு ரன். அப்புறம் இருவர் கண்ணும் ஒரே நேரத்தில் மூடின. பாயிண்ட் பக்கம் தட்டிவிட்டு டெண்டுல்கர் ஓடிய அந்த இருநூறாவது ரன்னைப் பெட்டியில் வேறு யாரோதான் கத்திச் சொன்னார்கள்.

கூச்சல் அடங்கியதும் குப்தே மெதுவாகச் சொன்னார்: "நாலாவது தடவை எழுதினேன். பாஸ் ஆயிட்டேன். அஞ்சு வருஷமாச்சு. உங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்துது."

சப்னிஸ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். என்னிடம்கூட குப்தே அதைச் சொல்லியிருக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்தான். அதைக் காட்டுகிற நேரமா அது?

தாணே தாண்டியதும் சப்னிஸ் தொண்டையைச் செருமினார். இந்தக் காலத்து மட்டைகளின் கனம், பவுண்டரிக் கயிற்றை உள்ளே இழுத்துப் போடுவது, இதெல்லாம் ரிச்சர்ட்ஸுக்கு இருந்ததா என்று ஆரம்பித்தார். குப்தே ஒயரைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, "சரி, வாங்க," என்று சட்டைக் கையை மடக்கினார்.

வியாழனும் வெள்ளியும் மூவரும் ஒன்றாகப் போனோம். வெள்ளிக்கிழமை சப்னிஸ் பெட்டி முழுக்கப் பால்பேடா கொடுத்தார். பிறகு அவர் சிப்ளூணுக்குக் குடி போய்விட்டார். இப்போது எனக்கும் குப்தேக்கும்கூட ஓய்வு. போன மாதம் இருவரும் பஸ் பிடித்து அவரைப் பார்க்கப் போனோம். மெலிந்திருந்தார். காது மந்தம். ரன் துரத்தி ஜெயிப்பதில் கோலிக்கு இணை எவருமில்லை, டெண்டுல்கர்கூட இல்லை என்று அவர் சொல்ல, குப்தே நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு அவர் காதுக்குள் சத்தமாக மறுத்தார். நான் வாசல் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடு ஆறுகிறது என்று சப்னிஸின் மனைவி மூன்றாவது முறையாகக் கூப்பிட்டார்.